ட்ராப் சுட எந்தத் தோட்டா? பெட்டிக்குள் இருப்பதைப் படித்து வாங்குவது

ட்ராப் என்பது வீசி எறியும் களிமண் தட்டை, அது விலகி ஓடும்போது சுடும் விளையாட்டு. அது பற்றிய கேள்வி கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறது. சுருக்கம் இது: "கிளப்பில் சேர்ந்து ட்ராப் சுடப் பழகுகிறேன். 12 கேஜ் (குழல் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது), மேலும் கீழுமாக இரட்டைக் குழல் துப்பாக்கி. தோட்டாச் செலவு கையைக் கடிக்கிறது. அமெரிக்கர்கள் வீட்டிலேயே சுட்ட கூட்டை மறுபடி நிரப்புவதை வீடியோவில் பார்க்கிறேன். எந்தக் கூடு, எந்த வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் எந்த பிரைமர் வாங்குவது? கடையில் வாங்கும் தோட்டாக்களிலும் எதை எடுப்பது என்று குழப்பமாக இருக்கிறது."

முதல் பாதிக்குப் பதில் சின்னது. இங்கே அதைச் செய்யாதீர்கள். துப்பாக்கியும் தோட்டாவும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகின்றன. மருந்தும் பிரைமரும் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கவும் தோட்டா வாங்கவும் கொடுத்தது. தோட்டா செய்யக் கொடுத்தது அல்ல. மருந்து டப்பாவை இணையத்தில் ஆர்டர் செய்து பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். சந்தேகம் இருந்தால் லைசென்ஸ் எடுத்த போலீஸ் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கிளப்பில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது சட்டம் ஆகாது.

பெரிய இழப்பு என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே 12 கேஜ் பயிற்சித் தோட்டாவை வீட்டில் நிரப்புவதில் மிச்சம் குறைவு, 28 கேஜ், .410 மாதிரி துளை சிறிய, கடையில் விலை கூடியவற்றில்தான் லாபம் தெரியும். மேலும் அங்கே யாரும் பாகங்களைத் தனித்தனியாகப் பிடித்ததை வாங்கிச் சேர்ப்பதில்லை. பரிசோதித்து வெளியிட்ட பட்டியலில் கூடு, பிரைமர், மருந்தின் வகையும் எடையும், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வரும் தக்கை, குண்டின் எடை ஐந்தும் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியை அப்படியே பின்பற்ற வேண்டும். பிரைமரை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றினாலும் அழுத்தம் கணிசமாக மாறும். உள்ளே நேர்ச்சுவர் கொண்ட கூட்டுக்கும் அடிப்பக்கம் தடித்த கூட்டுக்கும் கொள்ளளவு வேறு. நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் மருந்து அடைத்துக்கொண்டால் ஒரு கூடு காலியாகப் போகும், அடுத்ததில் இரட்டிப்பாக விழும். முதலாவது தக்கையைக் குழலுக்குள் சிக்க வைக்கும். இரண்டாவது குழலைப் பிளக்கும்.

இரண்டாவது பாதிதான் உங்களுக்குப் பயன்படுவது. தோட்டாவின் பாகங்களைத் தெரிந்துகொண்டால் பெட்டியின் மேலுள்ள எழுத்துகளிலிருந்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நம் ஊரில் பாகம் தேர்ந்தெடுப்பது என்றால் பெட்டி தேர்ந்தெடுப்பதுதான்.

முதலில் பொருந்துமா என்று பாருங்கள். குழலின் பக்கத்தில் 12 என்றும், 70 அல்லது 76 என்றும் பொறித்திருக்கும். பின்னது சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் அறையின் நீளம், மில்லிமீட்டரில். பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு கூட்டுக்கு வரும் நீளம். சுடாத தோட்டா அதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குட்டையாக இருக்கும். ஆபத்து இங்கேதான். தோட்டத்துக் காலத்துப் பழைய செனாப்பாங் (துப்பாக்கி) சிலவற்றில் சேம்பர் 65 மி.மீ.தான். 70 மி.மீ. தோட்டா அதில் தடையில்லாமல் நுழையும், பூட்டும் மூடும். சுடும்போது விரியும் வாய்க்கு இடம் இருக்காது. குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். 'உள்ளே போகிறதே, அப்புறம் என்ன' என்பது பொருத்தத்துக்கு அடையாளமே இல்லை. தாத்தா விட்டுப்போன துப்பாக்கியை லைசென்ஸ் மாற்றி எடுத்திருந்தால், ஒரு தோட்டாகூடச் சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் சேம்பரை அளக்கச் சொல்லுங்கள். குழலில் பட்டை பட்டையாக அலை போன்ற கோலம் தெரிந்தால் அது பழைய முறுக்கிரும்புக் குழலாக இருக்கலாம். அதைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள்; இன்றைய தோட்டாவைப் போடாதீர்கள்.

20 கேஜ் தோட்டாவையும் 12 கேஜ் தோட்டாவையும் ஒரே பையில் போடக் கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பரில் வழுக்கிப் போய் முன்னால் குறுகும் இடத்தில் நின்றுவிடும். வெளியே பார்த்தால் சேம்பர் காலி. 'போட மறந்துவிட்டேன் போல' என்று 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து, அதைப் பிடித்திருக்கும் இடது கையோடு போகும். இதற்காகவே 20 கேஜ் கூட்டைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் 20 கேஜ் சுடுகிறார் என்றால் இரண்டு பை, இரண்டு நிறம்.

இனி குண்டுக்கு வருவோம். தோட்டா வாங்குவதில் பாதி யோசனை இதற்குத்தான் போக வேண்டும்.

எடை: பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி ட்ராப், ஸ்கீட் (தட்டு குறுக்கே ஓடும் இன்னொரு வகை) இரண்டுக்கும் ஒரு தோட்டாவிலுள்ள ஈயக்குண்டுகளின் மொத்த எடை 24 கிராம் (மேல் வரம்பு 24.5), குண்டின் விட்டம் 2.6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கிளப் அளவில் 28 கிராமும் சுடுகிறார்கள். புதியவர்கள் பலர் 28 வாங்கத் துடிப்பார்கள்: 'குண்டு கூட, தட்டு விழும் வாய்ப்பும் கூட'. கணக்கைப் பாருங்கள். ஒரே வேகத்தில் 24இலிருந்து 28க்குப் போனால் குண்டு ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. தோளில் விழும் உதை ஆற்றலோ எடை விகிதத்தின் இருமடியில் ஏறும். தக்கை, மருந்தின் பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சுமார் 36 சதவீதம் கூடுதல். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ட்ராப்பில் இரண்டாவது குழலும் உண்டு. மூன்றாவது சுற்றில் கன்னம் தானாகத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து விலகும், விரல் சுண்டும், கண் சிமிட்டும். ஆறில் ஒரு பங்கு குண்டால் கிடைத்ததைவிட அதில் இழப்பதே அதிகம். பழகுபவர் 24 வாங்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு. உடல்வாகு மெலிந்தவர், பெண்கள், பதின்ம வயதினர் என்றால் 21 கிராம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் தானாக ஏற்றும் செமி ஆட்டோ துப்பாக்கியில் 21 கிராம் தோட்டா சில சமயம் இயந்திரத்தைத் தள்ளப் போதாது. கூடு பாதியில் சிக்கும். உங்களது நடுவில் மடித்துத் திறந்து தோட்டா போடும் இரட்டைக் குழல், அந்தக் கவலை இல்லை.

பருமன்: இங்கேதான் எண்கள் ஏமாற்றும். எண் கூடினால் குண்டு சிறிது என்பது பொது விதி. ஆனால் நாட்டுக்கு நாடு எண் வேறு. அமெரிக்க ஏழரை எண் 2.41 மி.மீ.; கிட்டத்தட்ட அதே பருமன் பிரிட்டிஷ் கணக்கில் எண் 7. அமெரிக்க அளவை மனத்தில் போட ஒரு வழி: 17இலிருந்து எண்ணைக் கழித்தால் விட்டம் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குகளில் வரும். 17இல் 9 போனால் 8, அதாவது 0.08 அங்குலம், 2.03 மி.மீ. கடைக்காரர் 'எண் 8' என்று சொல்வதோடு நிறுத்தாமல் பெட்டியில் மில்லிமீட்டர் அளவைத் தேடிப் படியுங்கள்.

ட்ராப்புக்கு 2.4 மி.மீ., ஸ்கீட்டுக்கு 2.0 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 24 கிராமில் முன்னதில் சுமார் 300 குண்டு, பின்னதில் சுமார் 520. ஸ்கீட்டில் தட்டு கிட்டத்தில் குறுக்கே ஓடுகிறது; எண்ணிக்கை முக்கியம், அடி லேசாக இருந்தாலும் உடையும். ட்ராப்பில் தட்டு உங்களுக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்திலிருந்து கிளம்பி விலகி ஓடுகிறது. அடி விழும்போது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும், இரண்டாவது குழலுக்கு இன்னும் தள்ளி. அந்தத் தூரத்தில் 2.0 மி.மீ. குண்டு 2.4 மி.மீ. குண்டின் எடையில் ஆறு பங்கில் மூன்றரைதான் இருப்பதோடு, காற்றில் வேகத்தையும் சீக்கிரம் இழக்கும். தட்டில் பட்டும் தூசி மட்டும் பறந்து தட்டு முழுசாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் காரணம் இது. நடுவர் கணக்கில் தூசி செல்லாது, துண்டு உடைய வேண்டும். எஸ்.ஜி. மாதிரிப் பெருங்குண்டுத் தோட்டாவைத் தட்டு சுடும் இடத்துக்கு எடுத்தே வராதீர்கள். குண்டு விழும் எல்லையைச் சிறு குண்டுக்குத்தான் அளந்து வைத்திருக்கிறார்கள்.

கடினம்: சுத்த ஈயம் மெத்து. சுட்ட நொடியில் பின்வரிசைக் குண்டுகள் நசுங்கும். நசுங்கியது நேராகப் போகாது. அதைத் தடுக்க ஆன்டிமனி சேர்க்கிறார்கள். போட்டித் தோட்டாவில் அது ஐந்து சதவீதம் அளவுக்குப் போகும், மலிவுத் தோட்டாவில் இரண்டு மூன்று இருக்கும். விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு இதற்குத்தான். முதல் குழலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது குழலில் தெரியும். அதனால் பலர் கீழ்க் குழலுக்கு மலிவு, மேல் குழலுக்கு நல்லது என்று கலந்து வைக்கிறார்கள். கஞ்சத்தனம் என்று கிண்டல் செய்வார்கள், ஆனால் கணக்கு சரியானது. அப்படிச் செய்தால் இரண்டு பாக்கெட்டில் பிரித்துப் போடுங்கள். ஒரே பாக்கெட்டில் போட்டால் மூன்றாவது தட்டிலேயே கலந்துவிடும்.

எஃகுக் குண்டு பற்றியும் கேள்வி வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈயக்குண்டுக்குத் தடை இருக்கிறது. அதனால் அங்கிருந்து வரும் பெட்டிகளில் எஃகு அதிகம் கண்ணில் படும். எஃகின் அடர்த்தி ஈயத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு, ஆகையால் அதே அடிக்கு இரண்டு எண் தள்ளிப் பெரிய குண்டு வேண்டும். அது நசுங்காது. இறுக்கமான சோக்கில், அதாவது குழல் வாயின் குறுக்கத்தில், போட்டால் குழல் வாயைப் புடைக்க வைக்கும். அரை சோக்குக்கு மேல் இறுக்கம் வேண்டாம். உயர் அழுத்த எஃகுத் தோட்டா என்றால் குழலில் அல்லி மலர் முத்திரை இருக்க வேண்டும்.

தக்கை, அதாவது வாட், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இருப்பது. பிளாஸ்டிக் தக்கை மூன்று வேலை செய்கிறது: அடிப்பகுதி வாயு கசியாமல் மூடும், நடுப்பகுதி சுருங்கி உதையைத் தாங்கும், மேல் கிண்ணம் குண்டு குழலில் உரசாமல் காக்கும். நார்த் தக்கையில் கிண்ணம் இல்லை. ஓரக் குண்டுகள் உரசித் தட்டையாகும், சிதறல் கொஞ்சம் அகலும். தரையில் மட்கிப்போகும் என்பது அதன் நல்ல குணம். ஸ்கீட்டுக்கு அகலம் பிரச்சினையே இல்லை. ட்ராப்புக்குப் பிளாஸ்டிக். கிளப் நார்த் தக்கைதான் வேண்டும் என்று விதி வைத்திருந்தால் சோக்கை ஒரு படி இறுக்கிக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றி வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் பெயரை அல்ல, பெட்டியில் உள்ள வேகத்தை. 24 கிராம் தோட்டாவுக்கு வினாடிக்கு 400 மீட்டர் என்பது நல்ல நடு அளவு. 415, 420 என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். குண்டு உருண்டை, காற்று அதை அநியாயத்துக்கு இழுத்துப் பிடிக்கும். வாயில் 15 மீட்டர் வேகம் கூட இருந்தாலும் தட்டை எட்டும்போது மிஞ்சுவது சொற்பம். போய்ச் சேரும் நேரத்தில் வித்தியாசம் சில மில்லி வினாடிதான். உதையோ முழுதாகத் தோளுக்கு வரும். இரண்டு பெட்டியின் வேகத்தை ஒப்பிடும்போது எங்கே அளந்தது என்றும் பாருங்கள்: ஐரோப்பியர் வாயிலிருந்து 2.5 மீட்டரில் அளப்பார்கள், அமெரிக்கர் மூன்று அடியில். ஒரே தோட்டா அமெரிக்க அளவில் கொஞ்சம் வேகமாகத் தெரியும்.

தோட்டாவின் அடியிலுள்ள பித்தளைத் தலை உயரமாக இருந்தால் தோட்டா பலமானது என்பது பழைய நம்பிக்கை. இன்று அது பெரும்பாலும் தோற்றத்துக்கு. பல தலைகள் பித்தளையே அல்ல, முலாம் பூசிய எஃகு. வாய் மடிப்பு ஆறா எட்டா என்று கவலைப்படவும் வேண்டாம். மடிப்பு நடுவில் துளை இல்லாமல், குழியாமல், மேலே புடைக்காமல் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மடிப்பு தளர்ந்தால் மருந்துக்கு எதிர்த்துத் தள்ள ஆள் இல்லாமல் முழுதாக எரியாது. சத்தம் மெத்தென்று கேட்கும், குழலில் மஞ்சள் பச்சைச் செதில்கள் கிடக்கும்.

இவ்வளவு படித்துத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் குழலும் அந்தத் தோட்டாவும் ஒத்துப்போகிறதா என்பதைத் தாள்தான் சொல்லும். ரேஞ்ச் அதிகாரியிடம் அனுமதி கேட்டு, 1.2 மீட்டர் சதுரத் தாளை 35 மீட்டரில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு புள்ளி. ஒரு தாளுக்கு ஒரு சுடு, ஒரு தோட்டா வகைக்கு ஐந்து தாள். ஒரே தாளை வைத்து முடிவு கட்ட முடியாது, சிதறல் சுடுக்குச் சுடு மாறும். துளைகள் அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 75 செ.மீ. வட்டம் போட்டு எண்ணுங்கள். 300 குண்டில் 210 உள்ளே இருந்தால் 70 சதவீதம். முழு சோக்கிலிருந்து எதிர்பார்க்கும் அளவு. அப்போது வட்டத்துக்குள் ஒரு குண்டுக்குச் சராசரி 21 சதுர செ.மீ. இடம். தட்டின் விட்டம் 110 மி.மீ. என்றாலும் விலகி ஓடும்போது அது விளிம்பைத்தான் காட்டுகிறது, ஏறக்குறைய 25 சதுர செ.மீ. ஆகச் சராசரியாக ஒன்றோ ஒன்றேகாலோ குண்டுதான் படும். வட்டத்தின் நடுவில் அடர்த்தி கூட, ஓரத்தில் குறைவு. 180க்குக் கீழே வந்தால் சோக்கை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் மாறவில்லை என்றால் தோட்டாவை மாற்றுங்கள். மையப் புள்ளிக்கும் வட்டத்தின் மையத்துக்கும் ஐந்து தாளிலும் ஒரே பக்கமாக விலகல் இருந்தால் குறை தோட்டாவில் இல்லை. கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை.

நம் வெக்கையும் ஈரமும் தோட்டாவுக்கு எதிரி. நண்பகலில் வெயிலில் நிறுத்திய கார் பூட்டில் தோட்டாவை விடாதீர்கள். சூடேறிய மருந்து அழுத்தத்தை ஏற்றும், நாள்பட்டால் கெடவும் செய்யும். சட்டமும் அதை அனுமதிக்காத கவனக்குறைவாகத்தான் பார்க்கும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த பெட்டியை வெளியே கொண்டுபோன உடனே பிரித்தால் முலாம் பூசிய தலையில் வியர்வை மாதிரி நீர் பூக்கும். கொஞ்ச நேரம் மூடியே வைத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள். பினாங்கில் கடலோரம் இருப்பவர்கள் இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். எஃகுத் தலையில் துரு வந்தால் சுட்ட கூடு சேம்பரைப் பிடித்துக்கொள்ளும். தலை துருப்பிடித்த, கூடு உப்பிய, மடிப்பு விரிந்த தோட்டாக்களைச் சுடவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். விற்ற கடையிலோ போலீசிலோ கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

சுடும் இடத்தில் இரண்டு நிலைமைக்கு மட்டும் தயாராக இருங்கள். 'டக்' என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் குழலை எல்லையை நோக்கியே அரை நிமிடமாவது வைத்திருங்கள், திறக்காதீர்கள், தாமதமாக வெடிக்கலாம். வெடித்தும் சத்தம் வழக்கத்தைவிட மெத்தென்று இருந்தால் அடுத்ததைப் போடாமல் நிறுத்தி, காலி செய்து, பின்பக்கமிருந்து குழல் வழியே வானத்தைப் பாருங்கள். தக்கை உள்ளே உட்கார்ந்திருந்தால் அடுத்த சுடு குழலைக் கிழிக்கும். வெடிக்காத தோட்டாவின் பிரைமரில் ஊசித் தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவில் கோளாறு; லேசாக இருந்தால் துப்பாக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

உங்கள் நிலைக்கு: 12 கேஜ், 70 மி.மீ., 24 கிராம், 2.4 மி.மீ., பிளாஸ்டிக் தக்கை, 400 அளவு வேகம். முதலில் 25 போட்ட பெட்டிகளாக இரண்டு மூன்று வகை வாங்கித் தாளில் சுட்டுப் பாருங்கள். பிடித்த வகை கிடைத்ததும் லைசென்ஸில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் 250 போட்ட கார்ட்டனாக எடுங்கள். தனிப் பெட்டியைவிட விலை இறங்கும். பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் வந்தாலும் அடுத்த தயாரிப்பில் மருந்தையோ தக்கையையோ மாற்றியிருக்கலாம். எண் மாறினால் மறுபடி ஐந்து தாள்.